தாழ்ப்பாளுக்கு எண்ணெய்

இருட்டிக் கொஞ்ச நேரம் ஆகி, ராச்சாப்பாட்டு ஏனங்களைக் கழுவும் சத்தம் மாடிக்கு மாடி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், லூசியைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்த பெனிட்டாவுக்கு முன்கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. துருவேறிய இரும்பு இரும்போடு உரசி, பாதியில் ஒருமுறை தயங்கி, அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டதுபோல டக்கென்று விலகும் சத்தம். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டி வீடு வாங்கியவர்களுக்கு இரும்பின் எல்லாச் சத்தமும் அத்துபடி, ஏனென்றால் அங்கே வீசுகிற காற்று சைக்கிள் செயினிலிருந்து மாதா படத்து ஆணிவரை எதையும் விட்டுவைக்காது. ஆனால் கை படாமல் தாழ்ப்பாள் தானாகத் திறக்கிற சத்தத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. கள்ளன் என்று பயந்தாள். எதற்கும் பயப்படுகிறவள்தான் அவள்: குக்கர் விசிலுக்குப் பயம், பிள்ளையின் விக்கலுக்குப் பயம், பிள்ளை ரொம்ப நேரம் விக்காமல் இருந்தால் அதற்கும் பயம். கான்வென்டில் பழகிய மரியாதை மாறாமல், "யாருங்க?" என்று கேட்டாள்.

யாருமில்லை. கதவு ஒருச்சாய்த்துத் திறந்துகொண்டது. கூடத்து மூலையில் கல்யாணம் ஆன நாளிலிருந்து உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரி, இரண்டு ஆள் முக்கி முனகித் தூக்கிவந்த பேட்டரி, தன் வயர்களைத் தானே கழற்றிச் சுருட்டிக்கொண்டு, தரையைக் கீறாமல் வாசல்வரை நகர்ந்து, நிலைப்படியில் சற்று நின்று, பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டது. கிளாட்சன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பேட்டரி வித்துட்டு, பெனி," என்றான். "காயலான் கடைக்காரன் இதுல பாதி குடுத்திருக்க மாட்டான்."

கிளாட்சன் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணுகிற கம்பெனியில் வேலை பார்த்தான், வேலை முடிந்து வந்தபின் கோடு எண்ணினான். பங்குகளின் விலை ஏறி இறங்குகிற கோட்டின்மேல் இன்னொரு கோட்டைப் போட்டு, இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம் பார்த்து வாங்கு என்றும் விற்றுவிடு என்றும் சொல்கிற இண்டிகேட்டர்களை அவன் சொந்தமாக எழுதினான். அது போதாதென்று, அந்தச் சொல்லைக் கேட்டபின்னும் மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பானே, அந்தத் தலைசொறியலே வேண்டாமென்று, தானே வாங்கித் தானே விற்கிற நிரல்களையும் எழுதினான். அவனைப்போல அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். 'நெய்தல் அல்கோ' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கும் கறிக்குழம்பு கொதிப்பதற்கும் நடுவே மொட்டைமாடியில் கூடினார்கள், இரண்டாம் மாடி சண்முகக்கனி அக்கா போட்டுத் தருகிற வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டு ஒருவர் எழுதியதை ஒருவர் பகிர்ந்தார்கள். சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த பால்துரை அண்ணாச்சிதான் அட்மின். விடிந்தால் அவரிடமிருந்து ஒரு டிப்ஸ் வரும். கேண்டில், அதாவது அன்றைய விலை ஏறி இறங்கியதைக் காட்டுகிற பச்சை சிவப்புக் கட்டை, முடியுமுன்னே நம்பாதே, முடியாத கேண்டில் மாப்பிள்ளை வீட்டார் வாக்கு மாதிரி, கடைசி நிமிஷத்தில் நிறம் மாறும் என்பார். பழைய விலையில் நன்றாக ஓடுகிறதென்று நிரலைப் பழைய விலைக்கே அளவெடுத்துத் தைக்காதே, போன வருஷ மழைக்கு எவனாவது இந்த வருஷம் குடை பிடிப்பானா என்பார். நஷ்டத்தைச் சீக்கிரம் வெட்டு, பங்கைக் கல்யாணம் கட்டாதே, இது இரண்டையும் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். நல்ல டிப்ஸ்தான். அவருடைய மனைவி மட்டும், பங்கைத்தானே கட்டக்கூடாது, என்னையாவது கட்டினதை ஞாபகம் வச்சுக்கிடுங்க என்று சொல்வதாகக் கேள்வி.

அந்தப் பேட்டரி போவதற்குச் சில நாள் முன்னால், லூசிக்கு மூக்கடைத்து அழுத ஓர் இரவில், அவளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஒற்றைக்கையால் கிளாட்சன் ஒரு நிரலை முடித்துக் குழுவில் போட்டான். ஏறுகிறதைப் பிடித்துக்கொள்ளும், இறங்குகிறதை ஒரு அளவுக்குமேல் இறங்கவிடாமல் விற்றுத் தள்ளும், அவ்வளவுதான். அதோடு ஒரு டிப்ஸும் போட்டான்: பங்கின் பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், எந்த சார்ட்டில் போட்டாலும் அதையே தன் பங்காக எடுத்துக்கொள்ளும். அவன் போட்ட எதற்கும் அதுவரை அத்தனை கட்டைவிரலும் அத்தனை கும்பிடும் வந்ததில்லை. எல்லோரும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். நிரலின் நடுவே, இது கணினி படிப்பதற்கல்ல, மனுஷர் படிப்பதற்கு என்று இரண்டு சாய்கோடு போட்டு எழுதுகிற குறிப்பு வரியாக, 'லூசி இப்பதான் தூங்குறா, நாளைக்குச் சரிபார்க்கணும்' என்று அவன் எழுதிவைத்திருந்தான். அந்த வரியை மனுஷர் ஒருவரும் படிக்கவில்லை. கணினிகள் எல்லாம் படித்தன.

பங்கின் பெயர் இல்லாத நிரல், வீட்டில் இருப்பதையெல்லாம் பங்காக எடுத்துக்கொண்டது. எதற்கும் ஒரு கோடு இருக்கத்தானே செய்கிறது, வாங்கிய அன்றிலிருந்து எதுவும் ஏறவோ இறங்கவோ செய்கிறது, அது திரையில் தெரிந்தது. தினமும் ஏனம் கழுவுகிற நேரத்துக்கு, அன்றைய கேண்டில் முடிந்ததும், கோடு ஒடிந்த வீட்டில் தாழ்ப்பாள் விலகும், இறங்குமுகமானது எதுவோ அது எழுந்து நடந்து போகும், பணம் கணக்கில் வந்து விழும். முதல் மாடியில் ஒரு டிரெட்மில் போனது. தரைத்தளத்தில் எட்டு வால்யூம் கலைக்களஞ்சியம் வரிசை குலையாமல் போனது. ஒருவர் வீட்டில் மாமனார் சீதனமாகத் தந்த கட்டில், திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் கோபமாகவே போனதாகச் சொன்னார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்த மூவிங் ஆவரேஜ் போட்டால் இன்னும் நல்ல விலைக்கு நடக்கும் என்றுதான் கேட்டார்கள். குறுகிய நாள் சராசரி போதும் என்றவர்கள் மாடியில் கிழக்கே தண்ணீர்த் தொட்டிப் பக்கமும், நீண்ட நாள் சராசரிதான் நம்பிக்கை என்றவர்கள் மேற்கே கொடிக்கயிற்றுப் பக்கமும் உட்கார ஆரம்பித்தார்கள், கொஞ்ச நாளில் பஜ்ஜித் தட்டும் இரண்டாயிற்று. ராகு காலத்தில் விற்பனை கூடாது என்று ஒருவர் இரண்டு வரி சேர்த்துப் பகிர்ந்தார், அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் பெரிய வெள்ளிக்கிழமையையும் சேர்த்தார், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தைச் சேர்த்து மூன்றாமவர் பகிர்ந்தபோது எம்மதமும் சம்மதம் என்று அண்ணாச்சி அதைக் குழுவின் தலையில் குத்தி நிறுத்தினார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளையின் மூன்று வருஷக் கோட்டைக் கேட்டார்கள். வயதானவர்கள் சாயங்காலம் மாடியில் வேகவேகமாக நடந்தார்கள், யாராவது பார்க்கும்போது சும்மாவாவது சிரித்தார்கள், கேண்டில் முடிகிற நேரம் நெருங்க நெருங்க வீடுகளில் ஒருவருக்கொருவர் காபி கலந்து கொடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம்போல அங்கே குடும்பங்கள் ஒற்றுமையாக இருந்ததில்லை என்று கோயில் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார்.

அப்படியும் சண்முகக்கனி அக்காவின் வீட்டுக்காரர் கோமதிநாயகம் தப்பவில்லை. ஷிப்பிங் ஆபீஸை மூடியதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் அவர், அவருடைய கோடு படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு ராத்திரி கடைசிப் படியும் வந்துவிட்டது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, எதிரே வந்த பெனிட்டாவுக்குத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாள் தண்ணீர் மோட்டார் அடியில் எல்லோரும் துக்கம் கேட்பதா வாழ்த்துவதா என்று புரியாமல் நின்றபோது, நல்ல ரேட்டுக்குத்தான் போனார் என்று அக்காவே சொல்லிவிட்டார், எல்லோருக்கும் மூச்சு வந்தது. இதுவரை வராத பெரிய ஃபிரிட்ஜ் அந்த வீட்டுக்கு வந்தது. மாவு நாலு நாள் புளிக்காமல் இருந்தது.

பெனிட்டாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய், தயங்கித் தயங்கி, இதையெல்லாம் வாங்குவது யார் அண்ணாச்சி என்று கேட்டாள்.

"மார்க்கெட்டும்மா."

"மார்க்கெட்டுன்னா யாரு?"

"நாமதாம்மா," என்று பால்துரை அண்ணாச்சி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், பெனிட்டாவும் மரியாதைக்குச் சிரித்தாள்.

அந்த ஞாயிறுதான் குடியிருப்போர் சங்கக் கூட்டமும் நடந்தது. தினமும் ராத்திரி இந்தத் தாழ்ப்பாள்கள் கீச்சிடுவதால் சீரியல் பார்க்க முடியவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று புகார் வந்திருந்தது. சங்கச் செலவில் எல்லா வீட்டுத் தாழ்ப்பாளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மறுநாளே வாட்ச்மேன் எண்ணெய்க் குப்பியோடு வீடு வீடாக வந்து, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் விட்டுப் போனார். அதற்கப்புறம் எந்த வீட்டிலிருந்து எது போனாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

பெனிட்டா அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. அவள் படித்து வளர்ந்த கான்வென்ட் விடுதியில் அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. ஆண்டவர் பார்க்கிறார், பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று சிஸ்டர்கள் கேட்டார்கள். கதவைத் தட்ட, மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டு நுழைய, சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியேற அங்கே கற்றுக்கொண்டாள், பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்தபிறகும் குளிக்கும்போது கதவைச் சாத்தி ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். முன்கதவுத் தாழ்ப்பாள் கிளாட்சனின் வேலை.

இப்படி இருக்கும்போது பால்துரை அண்ணாச்சி ஒன்றைக் கவனித்தார். மாதம் ஒரு புதன்கிழமை எல்லோர் கணக்கும் ஒரே மாதிரி ஏறுகிறது, விற்றுப்போகிற சாமான் எதுவும் இல்லாமலே ஏறுகிறது. அது அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போடுகிற புதன்கிழமை. நிரலைத் திறந்து அவர் முதன்முதலாக வரிவரியாகப் படித்தார், மொத்த நிரலிலும் இருந்த ஒரே பெயரைக் கண்டுபிடித்தார். பிறந்த நாளிலிருந்து ஒரு மாதம்கூடச் சறுக்காமல் ஏறிக்கொண்டிருந்த லூசியின் எடைக் கோட்டை அத்தனை வீட்டு லேப்டாப்பும் வாங்கி வைத்திருந்தது.

அன்றிலிருந்து பெனிட்டாவின் வீட்டு வாசலில் ஆள் ஓயவில்லை. கேப்பை மாவு வந்தது, நேந்திரங்காய்ப் பொடி வந்தது, நெய் வந்தது, பேச்சே இல்லாதிருந்த கொடிக்கயிற்றுக் கட்சியினர்கூட முட்டை வாங்கிவந்து, பிள்ளை இன்றைக்கு என்ன குடித்தாள், எத்தனை முறை குடித்தாள் என்று விசாரித்தார்கள். தன் பிள்ளைமேல் ஊருக்கு இவ்வளவு பாசமா என்று பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது, பாசம் இவ்வளவு இருக்கிறதே என்று அதற்கும் பயந்தாள். எடைபோடுகிற புதன்கிழமை அங்கன்வாடி வாசலில் ஆம்பளைகள் போனும் கையுமாக நெருக்கியடித்து நின்றார்கள், தராசில் உட்கார்ந்து லூசி அவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பிள்ளைய எடை போடுதேனா, மீன் ஏலம் விடுதேனா?" என்று கேட்டார். கால் கிலோ கூடியிருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அப்புறம் லூசிக்குப் பல் முளைக்க ஆரம்பித்தது. ஈறு வீங்கி, காய்ச்சல் வந்து, அதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. பல் முளைக்கிற பிள்ளைக்கு வருகிறதுதான், பயப்படாதே, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இரு, ரெண்டு வாரத்தில் போன சதை திரும்பிவரும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் தராசு சொன்னதைத் தராசு சொல்லிவிட்டது. கூடத்து அலமாரியில் ஒட்டியிருந்த எடை அட்டையில் நர்சம்மா வைத்த புள்ளி கீழே இருந்தது, லேப்டாப்பில் லூசியின் கோடு முதல்தடவையாகச் சிவப்பாயிற்று.

கிளாட்சன் அன்று சாப்பிடவில்லை. தன் லேப்டாப்பிலிருந்து நிரலை அழித்தான், குழுவில் போட்டிருந்ததையும் அழித்தான், ஆனால் பகிர்ந்தது பகிர்ந்ததுதான், அது அத்தனை வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது, எங்கே ஓடினாலும் இந்தக் கதவைத்தான் திறக்கும். குழுவில் எழுதிக் கேட்டான். பதில்கள் உடனே வந்தன, அந்தக் குழுவில் யாரும் யாரையும் கைவிட்டதில்லை. ஸ்டாப் லாஸை, அந்த விற்றுத் தள்ளுகிற அளவை, கொஞ்சம் தளர்த்திப் பார் தம்பி என்றார் ஒருவர். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் ஆவரேஜ் ஆகிவிடும் என்றார் இன்னொருவர், யோசித்துத்தான் சொன்னார். இறங்கும்போது உணர்ச்சிவசப்படாமல் இருப்பதுதான் ஒழுக்கம் என்று மூன்றாமவர் ஒரு சூரியோதயப் படத்தில் எழுதி அனுப்பினார். இன்றைக்கு இந்த அளவுக்குக் கீழே கேண்டில் முடிந்தால் எல்லோருடையதும் ஒரே நேரத்தில் விற்றுவிடும், நிரல் அப்படித்தான், தனிப்பட்ட முறையில் எனக்கும் வருத்தம்தான் என்று பால்துரை அண்ணாச்சி எழுதினார், ஒரு கும்பிடு போட்டார்.

பெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெந்நீர்ப் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். மன்னிக்கவும் என்று ஆரம்பித்தாள், இன்றைக்கு ஒருநாள் மட்டும் நிரலை நிப்பாட்டி வையுங்கள் என்று கேட்டாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தடவினார்கள், பால்துரை அண்ணாச்சியின் மனைவி அழவே செய்தார். நான் நிப்பாட்டிவிடுவேன், மற்றவர்கள் நிப்பாட்டாமல் போனால் நஷ்டம் எனக்கு மட்டும்தானே வரும் என்று எல்லா வீட்டிலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், அதையும் அந்த நிரலைப்போல ஒருவர் எழுதி எல்லோரும் எடுத்து ஒட்டிக்கொண்டதுபோல.

இரண்டாம் மாடியில் சண்முகக்கனி அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தார். பெனிட்டா ஆரம்பிக்குமுன்பே கிரைண்டரை நிறுத்தினார். தன்னுடையதை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். உள்ளே சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பெனிட்டா பார்த்தாள்.

"அண்ணைக்கு அவரு ஒடனே போகல, பிள்ள," என்றார் அக்கா. "வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்தாரு. எதையோ மறந்துட்டாராக்கும்னு நெனச்சேன். நான் போன்ல எம்புட்டுக்குப் போகுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க போறியன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நின்னிருப்பாரு. அதுக்குத்தான் நின்னாரு."

கிரைண்டரை மறுபடி போட்டார். அந்தச் சத்தத்துக்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருட்டிவிட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வீச ஆரம்பித்தது, கீழ்த்தளத்திலிருந்து ஏனம் கழுவுகிற சத்தம் ஏறிவந்தது. பெனிட்டாவின் வீடு இருந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஆட்கள் கூடினார்கள். பிள்ளையை வழியனுப்ப என்றார்கள் சிலர், இவ்வளவு பெரிய விற்பனை ஒரே நேரத்தில் நடப்பதை நேரில் பார்க்கவேண்டாமா என்றார்கள் சிலர், முட்டுவலிக்காரர் ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். கிளாட்சன் அவர்களோடு வெளியே நின்று ஒவ்வொரு போனாக எட்டிப்பார்த்து, இந்த வரியை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி, இந்த எண்ணை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வெளியே போகும்போது அவன் சாத்தின கதவுக்குப் பெனிட்டா, சிஸ்டர்கள் பார்த்துக்கொண்டிருப்பதுபோல பயந்து பயந்து, முதல்தடவையாகத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே பாயில் பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரு டம்ளரில் கல்லுப்பையும் சீனியையும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

சத்தமே கேட்கவில்லை. அதுதான் அவளை உறையவைத்தது. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், தண்ணீருக்குள் மீன் திரும்புவதுபோல விலகியது. கதவு அகலத் திறந்தது. வாசலில் நின்ற முகங்கள் எல்லாம் கீழே குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தன. லூசி பாயிலிருந்து இறங்கினாள். அரைஞாண் கயிறும் சட்டையுமாக, அழாமல், எங்கேயோ வரச்சொல்லியிருக்கிறார்கள் என்பதுபோன்ற பெரிய மனுஷத் தோரணையோடு, உள்ளங்கை பளாரென்று தரையில் பட, தவழ்ந்து போனாள். பெனிட்டா டம்ளரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். வாசலில் யாரோ அடங்கிய குரலில் விலை சொன்னார்கள். லூசி நிலைப்படியில் ஒரு கையை வைத்தாள், உட்கார்ந்தாள், திரும்பிப் பார்த்தாள்.

"எங்கட்டி போற?"

பெனிட்டாவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் அதுவரை வந்ததில்லை. கான்வென்டில் கேட்டிருந்தால் முட்டிபோட வைத்திருப்பார்கள். படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். லூசி கேள்வியை யோசித்துப் பார்த்தாள், பதில் தெரியவில்லை, உதடு பிதுங்கியது, இரண்டு கையையும் தூக்கினாள். அந்தக் கையைத் தூக்கிய கணத்தில் பெனிட்டா அவளை வாரி எடுத்திருந்தாள்.

எடுத்தபின் கதவைத் தள்ளினாள், அது திரும்பிவந்தது. மறுபடி தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாள், அது நழுவியது. போடப் போட நழுவியது, சங்கத்தின் எண்ணெய் நல்ல எண்ணெய். கதவிடுக்கு வழியாக டிப்ஸ் வந்துகொண்டிருந்தது: எக்ஸிட்டைத் தடுத்தால் நஷ்டம் கூடத்தான் செய்யும் என்றது ஒரு குரல், நிரலில் கை வைக்காதேம்மா, உணர்ச்சிவசப்படாதே என்றது அண்ணாச்சியின் குரல். அப்போது பெனிட்டா, உப்புக் கரைத்த ஈரம் காயாத தன் கையைப் பார்த்தாள். ஓடிப்போய் அடுப்படித் திட்டிலிருந்த உப்பு ஜாடியையும் பாயிலிருந்த டம்ளரையும் எடுத்துவந்து, அந்த ஊர் அளத்திலேயே விளைந்து அந்த ஊர் இரும்பையெல்லாம் தின்று பழகிய கல்லுப்பை அள்ளி, டம்ளர் தண்ணீரை அதன்மேல் கொட்டி, தாழ்ப்பாளின் தண்டிலும் வளையத்திலும் அப்பித் தேய்த்தாள், உள்ளங்கை எரிய எரியத் தேய்த்தாள். எண்ணெய் கறுத்து வழிந்தது. அதற்கடியில் இரும்பு, பத்து வருஷத்துக் கடற்காற்றை ஒரே மூச்சில் குடித்ததுபோல, செம்பழுப்பாகப் பூத்தது.

கிளாட்சன் இன்னும் வெளியே, ஒரு காலை நிலைப்படியில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்த போனில் யாரோ இன்னும் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாறீங்களா, வெளிய நிக்கிறீங்களா?" என்று கேட்டாள் பெனிட்டா. "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கேண்டில் முடியட்டும்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் போனை அந்த முட்டுவலிக்காரரின் மடியில் வைத்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான், திரும்பிநின்று கதவில் தோளைக் கொடுத்தான். வெளியிலிருந்து எதுவோ தள்ளியது, ஆளல்ல, காற்றுமல்ல, ஊர்ப்பட்ட கணக்கெல்லாம் சேர்ந்து சாய்ந்ததுபோல ஒரு பாரம். அவன் பாதம் தரையில் சறுக்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். லூசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உப்பும் துருவும் அப்பிய கையால் பெனிட்டா தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினாள். இரும்பு இரும்போடு உரசிக் கீச்சிட்டது, எல்லா மாடிக்கும் கேட்கும்படி, எந்தத் தீர்மானத்துக்கும் அடங்காதபடி கீச்சிட்டது, பாதியில் ஒருமுறை தயங்கியது, அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டதுபோல, டக்கென்று விழுந்தது.